எந்த விடு?

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை இருக்கிறது. கெட்ட வார்த்தை என்று நினைத்துவிட வேண்டாம். கெட்ட வார்த்தைக்கெல்லாம் இங்கே தடை போட்டால் நான் ஊமையாகத்தான் திரிய வேண்டும். தடை செய்யப்பட்டது 'விடு' என்கிற பரம சாதுவான வார்த்தை. தடை போட்டவர் என் வீட்டுக்காரர்.

பாருங்கள், இதைச் சொல்லி முடிப்பதற்குள் 'நினைத்துவிட' என்று ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. அதைச் சொல்லப் போய் இன்னொன்று. அந்த வார்த்தை இல்லாமல் நம்மால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் குடித்துவிட முடியாது. அதனால் வாலாக ஒட்டிக்கொண்டு வருகிற விடுவுக்கு மன்னிப்பு உண்டு. தனியாக வருகிற விடுவுக்குத்தான் தடை.

சோபாவுக்குப் பின்னால் விழுந்த ரிமோட்டை அவர் குனிந்து துழாவிக்கொண்டிருப்பார். "விடுங்க, நான் எடுக்கறேன்" என்பேன். அப்படியே குனிந்தபடி உறைந்து நிற்பார்.

"நில்லா, போவா?" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

நிறுத்தச் சொல்வதானால் 'நில்'. தொடரச் சொல்வதானால் 'போ'. இது இரண்டும்தான் செல்லும். "நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று நான் திருத்திச் சொன்ன பிறகுதான் நிமிர்வார். ஒரு முறை காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனோம். டாக்டர் இவர் முதுகில் கருவியை வைத்து, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார். இவர் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு டாக்டரையே பார்த்தார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, நான் தோளில் ஒன்று வைத்த பிறகுதான் மூச்சு வெளியே வந்தது. விடுமுறைக்கும் தடை போடாமல் இருக்கிறாரே என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சுவரில் எழுத்துப் பலகை மாட்டி, வருகிறவர் மூக்கில் கனத்த சட்டத்தை வைத்து, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே பழகியவர். எதையும் இரண்டில் ஒன்றாகக் கேட்பது தொழில் புத்தி. நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லி, இருக்கிற சிரிப்பெல்லாம் தீர்ந்த பிறகு வீடு திரும்புகிறவள். வீட்டில் நான் கொஞ்சம் கறார் என்றால் அதற்குக் காரணம் என் சம்பளத்தில்தான் இருக்கிறது.

தடைக்கு மூலகாரணம் என் தம்பி. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். லிஃப்ட் மெக்கானிக். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் சான்றிதழ் ஃபைலோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான்.

"பஸ்ல எதுக்குப் போற மச்சான்? நான் கொண்டுபோய் விடறேன்" என்றார் இவர்.

அப்போதுதான் புது வண்டி வாங்கியிருந்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை; காடு, மலை, மணல், எதிலும் போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். அதை இவர் அப்படியே நம்பினார். "ஆத்துல இறங்கி அந்தப் பக்கம் ஏறினா பாதி தூரம் மிச்சம்" என்று தார் ரோட்டை விட்டுத் திருப்பினார். ஆற்றில் தண்ணீர் இல்லை. மேலே காய்ந்த மணல், அதற்குக் கீழே சேறு. நடு ஆற்றில் வண்டி சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

தம்பி இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினான். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கூடவே கிளம்பியிருந்த நான் பின் சீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் பொதுவாக உற்சாகம் ஊட்டிக்கொண்டிருந்தேன். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போனது. இது ஆகாத வேலை என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"விடுங்க மாமா! விடுங்க!" என்று கத்தினான்.

போதும், நிறுத்துங்கள் என்று அவன் சொன்னான். வண்டியை விடுங்கள், இன்னும் வேகமாக விடுங்கள் என்று இவருக்குக் கேட்டது. விட்டார். அவன் தொண்டை கிழியக் கத்தினான். இவர் தன்னால் முடிந்தவரை விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது பின் கண்ணாடி முழுக்கச் சேறு. இறங்கிப் போய்ப் பார்த்தால், என் தம்பி உயரத்தில் சேற்றால் ஆன ஒருவன் நிற்கிறான். கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

நேர்முகத் தேர்வு போனது, வேலையும் போனது. அவன் அந்த வேலைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும்.

"விடுங்கன்னு சொன்னேன். அவர் நிறுத்தல" என்றான் தம்பி.

"விடுன்னு சொன்னான். நான் விட்டேன்" என்றார் இவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதுதான் தொல்லை. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். அன்றோடு பேச்சு நின்றது. தம்பி வாயில் 'மாமா' போய் 'உன் வீட்டுக்காரர்' வந்தது. இவர் வாயில் 'மச்சான்' போய் 'உன் தம்பி' வந்தது. நடுவில் நான் தபால்காரி ஆனேன்.

மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது. கேட்க ஒரு மூச்சு போதும். என் வீட்டுக்காரர் அதைக் கேட்காமல் சாமான் வாங்க ஆரம்பித்தார். மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுக்கும் சாமான்கள். இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும் தடித்த கயிறு, அதை வண்டியில் மாட்டும் இரும்பு வளையங்கள், சக்கரத்துக்கு அடியில் செருகப் பல் வைத்த பலகைகள், மடக்கு மண்வெட்டி, டயரில் காற்றைக் குறைக்க ஒரு கருவி, திரும்ப அடைக்க ஒரு பம்ப், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பு உருளை. வண்டியின் பின்பக்கம் நிரம்பிச் சாமான்கள் சீட்டுக்கு அடியில் புகுந்தன. தெருவில் அவருக்குக் 'கயிறு' என்றே பேர் விழுந்தது. "கயிறு திரிக்கிற ஆளைப் பாத்திருக்கேன், வாங்கிக் குவிக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்று மாடி வீட்டுக்காரி என்னிடமே சொல்லிச் சிரித்தாள்.

இது போதாதென்று வாரக் கடைசியில் ஒரு பயிற்சி வகுப்புக்கு வேறு போனார். திரும்பி வந்து, என்னுடைய நல்ல போர்வையை, கம்பளிப் போர்வையை, எடுத்து வண்டியில் வைத்தார்.

"எதுக்குங்க அது?"

"இழுக்கும்போது கயித்து மேல போடணும். கயிறு அறுந்தா சாட்டை மாதிரி வந்து அடிக்கும். போர்வை இருந்தா அதை அமுக்கிடும்."

"பழசு ஒண்ணு பரண்ல இருக்கே?"

"கனம் பத்தாது" என்றார், என்னமோ தங்கத்தை எடை போட்டவர் மாதிரி.

சாப்பாட்டு மேஜையில் அவர் ஒப்பிக்கும் விதிகள் எனக்கும் மனப்பாடம். கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. சக்கரத்துக்குப் பின்னால் நிற்கவே கூடாது. எத்தனை பேர் இருந்தாலும் சொல்கிறவர் ஒருவர்தான். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. சந்தேகம் வந்தால் நில். கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். இவ்வளவும் வாங்கி, இவ்வளவும் படித்த பிறகு, அந்த வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி இருக்கையில் தம்பிக்கு வேறொரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. தொலைதூர ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். போனில்தான் சொன்னான்.

"ஸ்டேஷனுக்கு யாருடா கொண்டுபோய் விடறது?"

"டாக்ஸி சொல்லிட்டேன்க்கா."

நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை, எங்கேயோ போகிறது, பேர் தெரியாத டாக்ஸிக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவாராம். இவரிடம் போய் நின்றேன். "நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? உன் தம்பி ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றார். அவனிடம் சொன்னேன். "உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கூப்பிடட்டும்" என்றான். கொழுப்பில் இரண்டும் ஒரே எடை.

நான் பயந்தது டாக்ஸிக்காக இல்லை. இப்படியே அவன் ரயில் ஏறினால் இந்தக் கோபம் இறுகிவிடும். பிறகு எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் தூரத்திலிருந்து தலையாட்டிவிட்டுப் போகிற உறவாகிவிடும். அப்படி ஆன அக்கா தம்பிகளை எனக்குத் தெரியும். நான் அப்படி ஆக மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலையில் இவர் கடைக்கு நடந்து போனதும் வண்டிச் சாவியை எடுத்தேன். எனக்கு ஓட்டத் தெரியும். லைசன்ஸ் எடுத்ததில் நான்தான் சீனியர். நேராக அந்த ஆற்றுக்குப் போனேன். லேசாகச் சிக்கிக்கொள்வதுதான் திட்டம். பல் ஆடுகிற அளவுக்கு இருந்தால் போதும், பிடுங்குகிற அளவுக்கு வேண்டாம். பழைய இடத்தைக் குறி வைத்து இறங்கினேன். அவர் வாங்கிச் சேர்த்த பாதுகாப்புச் சாமான் அத்தனையும் பின்னால் கனத்ததில், வண்டி வயிறு தரையில் தட்டுகிற வரைக்கும் இறங்கிவிட்டது. கதவைத் திறந்தால் மணல் உள்ளே வருகிறது.

முதலில் அவருக்குப் போன் செய்தேன். "என்னங்க, வண்டி மாட்டிக்கிச்சு."

"எங்க?"

"ஆத்துல."

"எந்த ஆத்துல?"

"நம்ம ஊருக்கு எத்தனை ஆறுங்க இருக்கு?"

கடையில் யாரிடமோ "கொஞ்சம் இருங்க" என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு, "எதையும் தொடாதே. சக்கரத்துக்குப் பின்னால யாரையும் நிக்கவைக்காதே" என்றார்.

"இங்க யாருமே இல்லைங்க."

"நீயும் நிக்காதே."

அடுத்தது தம்பி. "அங்க உனக்கு என்னக்கா வேலை?" என்றான்.

"காத்து வாங்க வந்தேன்டா."

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"கடையில."

நான் போன் செய்தபோது அவர் கடையில்தானே இருந்தார்? அதில் பொய் ஒன்றும் இல்லை. "அவர்கிட்ட சொல்லாத, நான் வந்து எடுத்துத் தர்றேன்" என்றான். "சரிடா" என்றேன். சொல்லி முடித்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

அவர்கள் வருவதற்குள் சாமான் பையைத் திறந்து வைப்போம் என்று இறங்கினேன். மேலாகக் கையுறைகள் இருந்தன. தடித்த தோல் கையுறை, இரண்டு ஜோடி. ஒன்று அவருடைய கைக்கு. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு கையும் ஒன்றாக உள்ளே போகும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய கை யாருக்கும் கிடையாது. சின்ன வயதிலேயே என் தம்பிக்கு முறம் மாதிரிக் கை என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கையுறையைப் பிடித்தபடி நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். மனுஷன் இதைக் கடையில் நின்று அளவு பார்த்து வாங்கியிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் அவருக்கு வரவில்லை.

தம்பி ஒரு பிக்கப் வண்டியில் வந்தான். அறையைக் காலி செய்வதற்காக நண்பனிடம் இரவல் வாங்கியதாம். பின்னால் மெத்தை, மேஜை விசிறி, இரண்டு பக்கெட். அவன் கரையில் நிறுத்தி இறங்கும்போதே இன்னொரு பக்கம் பக்கத்துக் கடைக்காரரின் ஸ்கூட்டரில் இவர் வந்து சேர்ந்தார். கண் பரிசோதனைக்கு மூக்கில் மாட்டும் அந்தக் கனத்த சட்டம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஒற்றைக் கண்ணை மட்டும் சோதித்து முடித்த யாரோ ஒருவர் கடை நாற்காலியில் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"உன் தம்பிகிட்ட சொல்லு, சக்கரத்துக்கு நேரா நிக்க வேணாம்னு" என்றார் இவர்.

"காதுல விழுந்துதுன்னு சொல்லுக்கா."

"தபால்காரி வேலையை நான் ராஜினாமா பண்ணிட்டேன்" என்றேன். "மாட்டியிருக்கறது வண்டி. எடுக்கற வழியைப் பாருங்க."

வழியைப் பார்த்தார்கள். பேசாமல் பார்த்தார்கள். இவர் டயர்களில் காற்றைக் குறைத்தார்; டயர் தட்டையாகப் படிந்தால் மணலில் கால் ஊன்றுமாம். தம்பி மண்வெட்டியை எடுத்தான். அவன் வெறும் கையால் தோண்டப் போவதைப் பார்த்துவிட்டு இவர் அந்தப் பெரிய கையுறையை எடுத்து, அவனிடம் நேராகக் கொடுக்காமல், அவன் பக்கத்திலிருந்த பலகை மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். தம்பி மாட்டினான். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"யாருதுக்கா இது?"

"எங்க வீட்ல யாருக்கும் பத்தாதுடா. ரொம்பப் பெருசு" என்றேன்.

அவன் திரும்பி இவரைப் பார்த்தான். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு, தோண்டத் தேவையில்லாத இடத்தில் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்.

வயிற்றுக்கு அடியில் இருந்த மணலை எடுத்து, சக்கரங்களுக்கு முன்னால் பலகைகளைச் செருகியாகிவிட்டது. அதற்கு மேல் இழுக்கத்தான் வேண்டும். பிக்கப்பைத் தம்பி கெட்டியான கரையில் நிறுத்தினான். இவர் கயிற்றை இரண்டு வண்டிக்கும் மாட்டி, வளையங்களை ஒன்றுக்கு இரண்டு முறை முறுக்கிப் பார்த்து, நடுவில் என் நல்ல போர்வையை மடித்துப் போட்டார். அதைப் பார்க்க என் நெஞ்சு கொதித்தது. பிக்கப்பில் தம்பி, மாட்டிய வண்டியில் இவர். சொல்கிறவர் யார்?

"நீதான்" என்றார் இவர், விசிலை என் கழுத்தில் மாட்டி. "கயிறு எவ்வளவு நீளமோ அதைவிடத் தள்ளி, பக்கவாட்டுல நில்லு. ஒண்ணு ஊதினா நில். ரெண்டு ஊதினா போ. வேற பேச்சே வேணாம். சந்தேகம்னா நில்." என்னிடம்தான் சொன்னார். ஆனால் பிக்கப்புக்குள் இருப்பவனுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

தள்ளிப் போய் நின்றேன். இரண்டு முறை ஊதினேன். பிக்கப் மெல்ல நகர, கயிறு நீண்டு, விறைத்து, சுருங்க, எங்கள் வண்டி பெருமூச்சோடு அசைந்தது. முன் சக்கரம் பலகையில் ஏறியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். பின் சக்கரமும் ஏறியது. வண்டி கெட்டித் தரையில் மூக்கை நீட்டிய நேரத்தில்தான் பார்த்தேன்: பிக்கப்பின் பின்னால் கட்டாமல் போட்டிருந்த மெத்தை சரிந்து, விசிறியையும் கூட்டிக்கொண்டு, விறைத்து நின்ற கயிற்றின் மேல் விழப் போகிறது. அவ்வளவு கயிறு வாங்கிய குடும்பத்தில் மெத்தையைக் கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசிலை ஊத வேண்டும். ஊதவில்லை. குதித்த குதியில் அது வாயிலிருந்து நழுவிவிட்டது. பதறிப் போனால் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"விடு! விடு! விடுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அன்றைக்குச் சேற்றில் நின்ற உருவம் கண்முன் வந்தது.

இரண்டு வண்டியும் நின்றன. இரண்டும் ஒரே நேரத்தில், ஆணி அடித்தாற்போல் நின்றன. கயிறு தொய்ந்து தரையில் படுத்தது. அதன் மேல் மெத்தை மெதுவாக விழுந்தது. மெத்தை மேல் விசிறி விழுந்தது. பிறகு இரண்டு ஜன்னலிலிருந்தும் இரண்டு தலைகள் வெளியே வந்தன.

"நில்லா, போவா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்தவா, இறக்கவா?" என்று கத்தினான் என் தம்பி.

பிக்கப்பில் உட்கார்ந்துகொண்டு எதை இறக்குவது? எனக்குப் புரியவில்லை. இவர் வண்டியை அணைத்து இறங்கி, தம்பியைப் பார்த்து நடந்தார். நடுவில் நான் இல்லாமல், நேராக அவனிடமே கேட்டார்.

"நீ இப்ப என்ன கேட்டே?"

தம்பி அசடு வழிந்தான். "அது... வேலையில பழகினது. லிஃப்ட் குழிக்குள்ள ஒருத்தன் நிப்பான், மேல ஒருத்தன் நிப்பான். மேல இருக்கறவன் கையில கயிறு. கீழ இருக்கறவன் விடுன்னு கத்தினா என்னன்னு எடுத்துக்கறது? நிறுத்தறதா, இறக்கறதா? அதனால எங்க ஆளுங்க யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. யாராவது தவறிச் சொன்னா, அப்படியே நின்னு, திரும்பிக் கேக்கணும்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான்தான்." கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டினான். "அன்னிக்கு அப்புறம் போட்டேன் மாமா."

மாமா. அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! இரண்டு பேரும் இத்தனை நாளாக ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு பக்கம் தடை போட்டு வைத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது, அந்த மண்வெட்டியால் ஆளுக்கொன்று போடவும் வேண்டும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரருக்கு அது நல்ல வசதி.

"அன்னிக்கு எனக்குத் தப்பாக் கேட்டுடுச்சு மச்சான்" என்றார். "தப்பாக் கேட்டது கூடப் பரவாயில்ல. நில்லா போவான்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். நாள் முழுக்க ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அதுவா இதுவான்னு கேக்கறவன், உன்னைக் கேக்கல. உன் வேலை போச்சு."

"நானும் சக்கரத்துக்குப் பின்னால போய் நின்னிருக்கக் கூடாது." தம்பி தரையைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "விடுங்க மாமா."

இவர் அசையவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எந்த விடு?" என்று கேட்டார், மிகவும் ஜாக்கிரதையாக.

"மறந்துடுங்கன்னு சொல்ற விடு."

"அது விதியில இல்லையே."

"சேத்துக்குங்க."

அவர் யோசித்தார். சேர்த்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். "நாளைக்கு உன்னை ஸ்டேஷனுக்கு யாரு கொண்டுபோய்..." என்று ஆரம்பித்து நின்றார். அடுத்த வார்த்தை தடையில் இருந்தது. வேறு வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. "...விடறது?"

"நீங்கதான். ஆனா தார் ரோட்டுலயே போவோம் மாமா."

அப்புறம்தான் இருவருக்கும் என் ஞாபகம் வந்தது. "ஆமா, நீ இங்க எதுக்கு வந்தே?" என்றார் இவர். "டயர் தடத்தைப் பாருங்க மாமா, பிரேக்கே போடல. வேணும்னே இறக்கியிருக்கா" என்றான் அவன். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, வெளுத்து வாங்கினார்கள். போனை எடுத்து டாக்ஸியை ரத்து செய்யும் வரையில் தம்பி திட்டினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தார் ரோட்டிலேயே போனோம். பிளாட்பாரத்தில் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அந்தக் கையுறை அவன் பையின் மேல் அறையில் இருந்தது. பாதி வெளியே தெரிந்தது. இவர் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடிந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. தம்பியின் ஒரு கால் ரயில் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில்.

"விடுங்க மாமா. கிளம்பப் போகுது."

"எந்த..." என்று கேட்கப் போனார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்கிறவர் ஒருவர்தான்.

விசில் என் கைப்பையில் இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். ஒன்று ஊதினேன். இரண்டாவது வரவில்லை, உதடு நடுங்கி வெறும் காற்றுதான் போனது. ஒரு விசில் என்றால் நில். என் வீட்டுக்காரர் விதிப்படி நின்றார். தம்பியும் நின்றான். பிடித்த கை பிடித்தபடி, இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அவனை அனுப்ப மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். அவனை எப்படியாவது ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்று ஆற்றில் கொண்டுபோய் வண்டியை இறக்கியவளுக்கு, அனுப்புகிற நேரத்தில் மனசில்லை.

"அக்கா" என்றான் தம்பி. "சொல்லுக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாக மூச்சை இழுத்து, இரண்டு முறை ஊதினேன்.

என் வீட்டுக்காரர் கையை விட்டார்.